ஏசற் பாட்டின் தோற்றம்

மகளிர் வட்டமாக நின்று கைகொட்டி ஆடும் கும்மியிலும், நாற்று நடும் வயலிலும் முறைமாமன், மைத்துனன் முதலியோரை ஏசும் பாடல்கள் தமிழகச் சிற்றூர்களில் வழங்கி வந்துள்ளன. அவற்றுள் காமக் குறிப்பு வெளிப்படையாக அமைந்தவையும் உள. இத்தகைய பாட்டின் தோற்றத்தை எங்ஙனம் துணிவது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

புதுவையின் நெற்களஞ்சியமாகிய பாகூரை எடுத்துக்கொள்வோம். நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் அவ்வூர் வித்தியாத்தானத்திற்கு மூன்று ஊர்கள் வழங்கப்பெற்றதைச் செப்பேடு கூறுகின்றது. கற்றோர் கல்விக்குச் செப்பேடு உண்டு. நடவு மகளிர் பாட்டிற்கு அத்தகைய சான்று இல்லை. எனவே அகச்சான்றையே முதற்கண் நோக்குதல் வேண்டும். விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுவைக்கு இருப்புப்பாதை அமைந்தது 1879இல் ஆகும். அவ்வழிச் செல்லும் புகைவண்டியைக் கூறும் அடி ஒரு பாட்டில் வருமாயின், அவ்வடி அவ்வாண்டிற்கு முற்பட்டதன்று. ஆயினும் அடியின் காலம் வேறு. பாட்டு வகையின் காலம் வேறு.

வகையின் பழமைக்கு இலக்கியம் துணைசெய்கின்றது. காமமும் வென்றியும் குரவைக்குரிய பொருள் என்பது சிலப்பதிகார உரைவழி அறியப்படும் பழைய இலக்கணம். முக்கூடற் பள்ளில் மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஒருவரையொருவர் ஏசுகின்றனர். வயற்புற வழக்கைப் புலவர் கைக்கொண்டமைக்கு இது சான்றாகலாம். எனினும், குரவையே கும்மியாயிற்று என இதுகொண்டு முடிவுகட்டுதல் பொருந்தாது. ஒப்புமை வேறு, வழிவழித் தொடர்ச்சி வேறு.

தொகுப்போரின் தயக்கமே ஆராய்ச்சிக்குப் பெருந்தடை. 1871இல் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை வெளியிட்ட சார்லசு கோவர், அத்தொகுப்பில் திருக்குறளுக்கும் ஒரு பகுதி ஒதுக்கினார். நீதி கூறுவனவே அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. ஆங்கில நாட்டிலும் செசில் சார்ப்பு தாம் கேட்ட பாடல்களைத் திருத்தியே அச்சிட்டார். அவர்தம் கையெழுத்துப் படிகளில் இருந்த உண்மைப் பாடங்களைச் சேம்சு ரீவ்சு 1958இல் வெளிக்கொணர்ந்தார். பெர்சி மெக்வீன் திரட்டிய பாடல்கள் கி. வா. சகந்நாதன் பதிப்பில் ‘மலையருவி’ என வெளிவந்ததும் அவ்வாண்டே. பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கி. ராசநாராயணன், பாலியல் சார்ந்த நாட்டார் கதைகளையும் மறையாது தொகுத்து வழிகாட்டினார்.

கதைகளுக்குக் கிடைத்த அவ்விடம் பாட்டிற்கும் வேண்டும். கேட்ட சொல்லைக் கேட்டவாறே எழுதி, பாடிய ஊர், காலம், நிகழ்ச்சி, பாடியவர்க்கும் ஏசப்பட்டவர்க்கும் உள்ள உறவுமுறை ஆகியவற்றையும் உடன் குறித்தல் ஆய்வாளர் கடன். ஏசற்சொல்லை நீக்கிய படியைக் கொண்டு ஏசற் பாட்டின் வரலாற்றை எழுதுதல் இயலாது.