தொழுவத்துத் தூசி சொல்லும் கதை

கிருஷ்ணகிரிக்கு அருகே குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை கூடும் சந்தைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயதைச் சொல்லும் வியாபாரி, அதே கையால் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு விலை பேசுவார். நகரத்திலிருந்து வந்தவர் முகத்தைச் சுளிக்கலாம். ஆனால் கால்நடைகளோடு பழகுவோரின் தோலிலும் மூக்கிலும் குடலிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் செய்வது நன்மையா, தீமையா? இந்தக் கேள்விக்கு விடை தேடத் தொடங்கி நூறாண்டுகளுக்கு மேல் ஆகின்றன.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகர மருத்துவர் சார்லஸ் பிளாக்லி, கோடையில் ஓயாத தும்மலால் அவதிப்பட்டவர். புல்லின் மகரந்தத் தூளே அதற்குக் காரணம் என்பதைத் தம் உடலிலேயே சோதித்து, 1873இல் நூலாக வெளியிட்டார். ஒன்று மட்டும் அவருக்கு வியப்பளித்தது. நாள் முழுவதும் மகரந்தத்தில் புழங்கும் உழவர்களுக்கு இந்நோய் அரிதாகவே வந்தது!

புதிர் நெடுங்காலம் அப்படியே கிடந்தது. 1989இல் டேவிட் ஸ்ட்ராச்சன், 1958ஆம் ஆண்டில் ஒரே வாரத்தில் பிறந்த 17,000க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்தார். அண்ணன், அக்காள் பலர் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தும்மல் நோய் குறைவு எனக் கண்டார். இளமையில் கிருமிகளோடு பழகாத உடல் பின்னால் தூசிக்கும் மகரந்தத்துக்கும் வீணாகப் பதறுகிறதோ என்ற ஐயம் எழுந்தது. 1999இல் சுவிட்சர்லாந்துக் கிராமங்களில் நடந்த ஆய்வும் பண்ணை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒவ்வாமை குறைவு என்றே காட்டியது. பிறந்த முதல் ஆண்டிலேயே தொழுவத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாதுகாப்பு மிகுதி என்பது 2001இல் தெரிந்தது.

2016இல் வெளியான அமெரிக்க ஆய்வுதான் என்னை மிகவும் கவர்ந்தது. ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரு சமூகத்தாரும் உழவர்கள். உணவிலும் பழக்கத்திலும் நெருங்கியவர்கள். ஆமிஷ் குடும்பம் வீட்டருகே பசு வளர்த்துக் குதிரையால் உழுகிறது; குழந்தைகள் தொழுவத்திலேயே விளையாடுகின்றன. ஹட்டரைட்டுகளுக்கு வீட்டிலிருந்து தள்ளி, இயந்திரங்கள் நிறைந்த பெரும் பண்ணைகள். ஆமிஷ் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 5 பேருக்கு ஆஸ்துமா. ஹட்டரைட்டுகளில் சுமார் 21 பேருக்கு. ஆமிஷ் வீட்டுத் தூசியில் எண்டோடாக்ஸின் என்னும் பாக்டீரியா உறைத் துண்டுகள் ஏறத்தாழ 7 மடங்கு இருந்தன. அத்தூசியை மூக்கில் பெற்ற எலிகளுக்கு ஆஸ்துமா போன்ற மூச்சுக்குழாய்க் கோளாறு தடுக்கப்பட்டது. ஹட்டரைட் தூசி அப்படிக் காக்கவில்லை.

நம் பக்கத்து மாட்டுக் கொட்டாய் நினைவுக்கு வருகிறதல்லவா? ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின், கொட்டாயில் வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் மாடில்லாத வீடுகளில் வளர்கின்றனர். அவர்கள் இழந்தது பாலை மட்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

அதற்காக எல்லாத் தொழுவமும் மருந்தாகிவிடாது. ஆந்த்ராக்ஸும் புருசெல்லோசிஸும் கால்நடைகளிடமிருந்தே நமக்கு வருகின்றன. காய்ச்சாத பாலைக் குடிக்கலாகாது. வியாபாரி கை கழுவிவிட்டு வெற்றிலை போடுவதே நல்லது. இன்னொரு புதிய ஆபத்தும் உண்டு. கோழிக்கும் பன்றிக்கும் தாராளமாகக் கொடுத்த ஆன்டிபயாடிக் மருந்துகள், அவற்றுக்கு மசியாத நுண்ணுயிர்களைப் பண்ணைகளில் பெருக்கிவிட்டன. மனிதருக்குக் கடைசிப் புகலிடமான கொலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குத் தருவதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது இதனால்தான்.

சீனாவில் 14 கால்நடை மருத்துவ மாணவர்கள் மூன்று மாதம் பன்றிப் பண்ணைகளில் பயிற்சி பெற்றனர். அவர்களுடைய குடல் நுண்ணுயிர்கள் பண்ணைச் சூழலின் நுண்ணுயிர்களை ஒத்து மாறியதையும், மருந்துக்கு மசியாத மரபணுக்கள் கூடியதையும் 2020இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பண்ணையை விட்டுத் திரும்பிய பிறகு அந்த மாற்றத்தில் ஒரு பகுதிதான் பழைய நிலைக்கு மீண்டது.