கிளீனர் செலுத்திய குருதட்சணை

லாரி எதிரே வரும்போது அதன் முகப்பில் தொங்கும் எலுமிச்சம்பழத்தைப் பார்த்திருப்பீர்கள். கடந்து போன பிறகு, பின்பலகையில் 'ஒலி எழுப்புக' என்று எழுதியிருப்பதையும் படித்திருப்பீர்கள். இடப்பக்க ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு ஒரு பையன் போவானே, அவனைக் கவனித்தது உண்டா? கிளீனர் என்று அவனுக்குப் பெயர். நம் நாட்டு லாரி டிரைவர்களில் மிகப் பலர் படித்த பள்ளிக்கூடம் அந்த இடப்பக்கத்து இருக்கைதான்.

பல வருஷங்களுக்கு முன்பு, சேலத்திலிருந்து கோயம்புத்தூர் போகும்போது சங்ககிரிக்குப் பக்கத்தில் நான் ஏறியிருந்த பஸ் நடு இரவில் நின்றுபோயிற்று. எதிரே ஒரு டீக்கடை. வாசலில் நின்ற லாரியின் டயர்களை ஒரு பையன் இரும்புக் கம்பியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தான். காற்று இறங்கியிருந்தால் சத்தமே சொல்லிவிடுமாம். பதினைந்து வயது இருக்கலாம்.

"என்ன சம்பளம், தம்பி?" என்று கேட்டேன்.

"சம்பளமுங்களா?" என்று சிரித்தான். "அண்ணன் மூணு வேளையும் சோறு வாங்கிக் குடுத்துத் தொழிலும் கத்துக் குடுக்கறாரு. அதுக்கு மேலே சம்பளம் எப்படிங்க கேக்கறது?"

நியாயமான பதில் என்றே அன்று எனக்குத் தோன்றியது. குருகுலத்தில் சிஷ்யனுக்குச் சம்பளம் உண்டா? அந்த நியாயத்தின் கணக்கைப் பிற்பாடுதான் போட்டுப் பார்த்தேன்.

1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், இருபது வயது நிரம்பாதவன் லாரி ஓட்டக்கூடாது என்றது. கூலிக்கு வண்டி ஓட்ட வேண்டுமானால் லைசென்ஸில் அதற்கென்று தனி அனுமதியும் வேண்டும். அந்த அனுமதிக்கு முன்னால் தொழிலை எங்கே கற்பது? பையன் பதினைந்து வயதில் லாரி ஏறினால், இருபதுக்கு ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷத்துக்கு அவன் உழைப்பே சம்பளம், உழைப்பே குருதட்சணை.

லேசான உழைப்பும் அல்ல. இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் பங்கீடு வந்தபோது, கரி வாயுவில் வண்டிகள் ஓடின. அடுப்பை மூட்டி, ஊதுசக்கரத்தைச் சுற்றி, புகையைக் குடித்து, வண்டி கிளம்புமுன் பாதி களைத்துப் போவான் கிளீனர். யுத்தம் முடிந்தது, கரி போயிற்று. தார்ப்பாய் கட்டுவதும், ஏற்றத்தில் சக்கரத்துக்குக் கட்டை போடுவதும், டிரைவர் தூங்கும்போது சரக்கைக் காவல் காப்பதும் போகவில்லை. இவற்றுக்கு நடுவே கண்ணால் திருடிக் கொண்டதுதான் படிப்பு. எந்த வளைவில் எந்த கியர், எந்த இறக்கத்தில் பிரேக்கை நம்பக்கூடாது என்பதெல்லாம் அவனுக்கு அப்படித்தான் தெரிய வந்தது. விடியற்காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேர் ரோட்டில், "கொஞ்ச தூரம் பிடிடா" என்று அண்ணன் ஸ்டியரிங்கைக் கொடுப்பார். சட்டம் அதற்குச் சம்மதித்திராது. ஆனால் பையனுக்கு அன்றுதான் தீபாவளி.

1950-களில் டாட்டாவும் லேலண்டும் நம் நாட்டிலேயே லாரி செய்யத் தொடங்கின. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் வானம் பார்த்த பூமியை நம்பியிருந்த குடும்பங்கள் லாரியை நம்பின. 1975-இல் தேசிய பர்மிட் வந்த பிறகு ஒரு நடை என்பது பல மாநிலங்களைத் தாண்டிப் போய்வருவது என்றாயிற்று. கிளீனர் பையன் இந்தியும் கற்றான்.

சட்டம் அவனை மறந்துவிடவில்லை. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், டிரைவர், கண்டக்டரோடு கிளீனரையும் தொழிலாளி என்று பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது. பெரியவர்களுக்கு நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி வேலை. பதினைந்து வயது ஆகாதவனுக்கு வேலையே கூடாது. இளம் பையன்களுக்கு ஆறு மணி நேரம்தான். அதுவும் இரவு பத்து முதல் காலை ஆறு வரை கூடாது. படிக்கும்போது நெஞ்சு குளிர்கிறது.

ஆனால் முதல் பக்கத்திலேயே இன்னொரு வரி இருந்தது. ஐந்து தொழிலாளிகளுக்குக் குறையாத நிறுவனங்களுக்கே இந்தச் சட்டம். ஒரு லாரிக்கு இரண்டு டிரைவர், ஒரு கிளீனர் என்று வைத்தாலும் மூன்று பேர்தானே! நம் நாட்டு லாரிகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்களுடையவை. சர்க்கார் விரும்பினால் சின்ன நிறுவனங்களுக்கும் சட்டத்தை நீட்டலாம் என்று இடம் இருந்தது. இருந்தும், சங்ககிரியில் நான் பார்த்த பையன் இரவு பத்துக்கு மேல்தான் டயர் தட்டிக்கொண்டிருந்தான்.

லைசென்ஸ் வந்த அன்றே விடுதலை கிடைத்ததா? அதுவும் இல்லை. எட்டு லட்சம், பத்து லட்சம் போட்டு வண்டி வாங்கிய ஓனர், "தனியா எத்தனை நடை போயிருக்கே?" என்றுதான் முதலில் கேட்பார். தனியாக அனுப்பினால்தானே அதற்குப் பதில் சொல்ல முடியும்? ஆகவே புது டிரைவர், பெரிய டிரைவருக்குத் துணையாகக் குறைந்த படிக்குப் போவான். பல வண்டிகளில் மாதச் சம்பளமே கிடையாது. படியும், வாடகையில் ஒரு பங்கும்தான் வருமானம். சரக்கு இறக்கக் காத்துக் கிடந்த நாட்கள் அவன் கணக்கில் சேரா. வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும். தூக்கத்தை விரட்டிக்கொண்டு ஏன் ஓட்டுகிறார்கள் என்று நாம் ஆச்சரியப்படுகிறோம்.

இன்று அந்த இடப்பக்கத்து இருக்கை பல லாரிகளில் காலி. செலவு கட்டாது என்று கிளீனரை நிறுத்திவிட்டார்கள். பையன்களும் வருவதில்லை, பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். அதற்காகச் சந்தோஷப்படவே வேண்டும். 1961-ஆம் வருஷத்துச் சட்டமும் 2020-இல் இயற்றிய புதிய தொகுப்பில் கரைந்துவிட்டது. டிரைவருக்கு எட்டாம் வகுப்பாவது வேண்டும் என்றிருந்த விதியை 2019-இல் எடுத்துவிட்டார்கள். 2021-இல் வந்த விதிகள், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் கனரக வாகனத்துக்கு ஆறு வாரத்தில் முப்பத்தெட்டு மணி நேரப் பயிற்சி என்று வகுத்தன.

ஐந்து வருஷம் எங்கே, முப்பத்தெட்டு மணி எங்கே என்று பழைய டிரைவர்கள் சிரிக்கலாம். அந்த ஐந்து வருஷத்தைத் திரும்பக் கொண்டுவா என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், கற்கும் காலத்தில் அவன் சோற்றுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. முன்பு பிள்ளைப் பருவத்தைக் கொடுத்துக் கற்றான். இன்று கட்டணம் கட்டி, கூலி இழந்து கற்கிறான். டிரைவர் கிடைக்கவில்லை என்று ஓனர்கள் குறைப்படுகிறார்கள். நம் வீட்டு அரிசியும் பருப்பும் அவன் கையை நம்பித்தான் வருகின்றன. அந்தக் கை பழகுவதற்கு ஆகும் செலவில் ஒரு பங்கு நம்முடையது அல்லவா?

சங்ககிரிப் பையனுக்கு இப்போது நரைத்திருக்கும். தன் மகனை அவன் லாரியில் ஏற்றியிருப்பானா? கேட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது. பதிலை நினைத்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.