மோட்டார்சைக்கிள் சாலை உரிமை இயக்கம் (பிரிட்டன்)

பிரிட்டனில் மோட்டார்சைக்கிள், ஸ்கூட்டர், மொபெட் ஓட்டுவோர் சாலையில் தங்களுக்கும் உரிய இடம் வேண்டுமென்று அரை நூற்றாண்டுக்கு மேலாக நடத்திவரும் முயற்சிகளை இப்பெயரால் குறிக்கலாம். இதற்கு ஒரே தலைமையோ ஒரே கொடியோ கிடையாது. ஹெல்மெட் கட்டாயத்தை எதிர்த்துப் பிறந்து, அதில் தோற்று, பிறகு பேருந்துத் தடத்தில் அனுமதி, பாலங்களில் சுங்க விலக்கு, நெரிசல் கட்டண விலக்கு, வண்டி நிறுத்த இடம் என்று சாலையை முழம் முழமாகக் கேட்டு வாங்கியது இதன் வரலாறு.

இந்த விவாதத்தில் எப்போதும் இரண்டு எண்கள் எதிரெதிராக நிற்கும். பிரிட்டன் சாலைப் போக்குவரத்தில் இருசக்கர மோட்டார் வண்டிகளின் பங்கு சுமார் ஒரு விழுக்காடு. சாலை விபத்தில் இறப்போரிலோ ஏறத்தாழ ஐவரில் ஒருவர் மோட்டார்சைக்கிள் ஓட்டி. "இவ்வளவு சிறிய கூட்டத்துக்காகச் சாலையை ஏன் மாற்றவேண்டும்?" என்று ஒரு தரப்பு முதல் எண்ணைக் காட்டும். "சாலையை எங்களை எண்ணிப் பார்க்காமல் போட்டதால்தான் சாகிறோம்" என்று மறுதரப்பு இரண்டாவதைக் காட்டும். தமிழ்நாட்டில் பதிவான வாகனங்களில் ஐந்தில் நான்குக்கு மேல் இருசக்கர வண்டிகள். அந்த நிலையிலிருந்து பார்ப்பவருக்கு இந்தச் சிறுபான்மை நிலை எளிதில் பிடிபடாது. அதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இவர்களின் போராட்ட முறை புரியும்.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பிரிட்டனில் மோட்டார்சைக்கிள் உழைப்பாளியின் வண்டி. சைடுகாரில் மனைவி மக்களை உட்காரவைத்துக் கடற்கரைக்குப் போவார்கள். 1959-இல் மினி கார் விற்பனைக்கு வந்தது. சிறிய கார்கள் கைக்கெட்டும் விலைக்கு வர வரக் குடும்பங்கள் காருக்கு மாறின, மோட்டார்சைக்கிள் இளைஞர்களின் வண்டியானது. (ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு தாய்நாட்டில் 1970 வாக்கில் மூடப்பட்டது. 1955-இல் சென்னையில் தொடங்கிய அதன் கிளைதான் இன்று அந்தப் பெயரை உலகெங்கும் கொண்டுபோகிறது.) விபத்துகள் கூடியதால் 1961-இல் பழகுநர்களுக்கு 250 சி.சி. வரம்பு வந்தது. 1964-இல் கிளாக்டன், மார்கேட், பிரைட்டன் கடற்கரைகளில் ஸ்கூட்டரில் வந்த 'மாட்'களும் மோட்டார்சைக்கிளில் வந்த 'ராக்கர்'களும் மோதிக்கொண்டதைச் செய்தித்தாள்கள் ஊதிப் பெருக்கின. தோல் சட்டை போட்டவனெல்லாம் போக்கிரி என்ற எண்ணம் ஊரில் படிந்துவிட்டது. இதற்குப் பின் எந்த மன்றத்தில் என்ன கேட்கப் போனாலும், முதலில் அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைக் கேட்டார்கள்.

ஒன்றை இங்கே பிரித்துச் சொல்லவேண்டும். பிரிட்டனின் அதிவேக நெடுஞ்சாலைகள் 1950-களின் இறுதியில் திறந்தது முதலே முழு உரிமம் பெற்ற மோட்டார்சைக்கிள் ஓட்டிகளுக்குத் திறந்தே இருந்தன. பழகுநர்களுக்கும் 50 சி.சி.க்குக் குறைந்த வண்டிகளுக்கும்தான் தடை. 2023 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையில் இருசக்கர வண்டிகளை அடியோடு நிறுத்தியதே, அப்படியொரு தடை பிரிட்டனில் வரவில்லை. ஆகவே அவர்கள் போராடியது சாலைக்குள் நுழைவதற்காக அல்ல. நுழைந்தபின் அதில் எந்தப் பகுதியில், எந்த விலையில் போகலாம் என்பதற்காக.

ஹெல்மெட் சட்டமும் அமைப்புகளின் தோற்றமும்

மோட்டார்சைக்கிள் மன்றங்கள் சேர்ந்து 1960-இல் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. அதுவே பின்னர் பிரிட்டிஷ் மோட்டார்சைக்ளிஸ்ட்ஸ் ஃபெடரேஷன் (பி.எம்.எஃப்.) ஆனது. நயமாகப் பேசி, குழுக்களில் உட்கார்ந்து காரியம் சாதிக்கும் வகை. 1973 ஜூன் 1-இல் ஹெல்மெட் கட்டாயமானதும் வேறு வகை ஒன்று பிறந்தது: மோட்டார்சைக்கிள் ஆக்‌ஷன் குரூப், சுருக்கமாக மேக். ஹெல்மெட் வேண்டாம் என்று இவர்கள் சொல்லவில்லை. போடுவதும் போடாததும் என் விருப்பம், அரசு கட்டாயப்படுத்தக் கூடாது என்றார்கள். குடியேற்ற எதிர்ப்புக்குப் பேர்போன ஈனக் பவல் நாடாளுமன்றத்தில் இதே வாதத்தைப் பேசினார். மூன்று ஆண்டு கழித்து, தலைப்பாகை அணியும் சீக்கியருக்கு விலக்களிக்கும் சட்டம் 1976-இல் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்தவர் சவுத்ஹால் பகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர் சிட்னி பிட்வெல். சட்டத்தில் விழுந்த ஒரே ஓட்டை அதுதான்.

இப்போராட்டத்தின் முகமாக இருந்தவர் ஃபிரெட் ஹில் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர். தொப்பி மட்டும் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவார், பிடிபடுவார், அபராதம் கட்ட மறுப்பார், சிறைக்குப் போவார். வெளியே வந்ததும் மறுபடி அதே வேலை. 1984 பிப்ரவரியில் லண்டன் பென்டன்வில் சிறைத்தண்டனையின்போது, 74-ஆம் வயதில் இறந்தார். மேக் அமைப்பினர் அவர் நினைவாக ஆண்டுதோறும் ஊர்வலம் போகிறார்கள். சட்டம் அசையவில்லை. பாதுகாப்பு நோக்கில் அது அசைய வேண்டியதுமில்லை என்பதே பெரும்பாலோர் முடிவு. ஆனால் அந்தத் தோல்வி வீணாகவும் போகவில்லை. ஊருக்கு ஊர் கிளை, சந்தா, செய்திமடல், ஒரு சொல்லுக்கு ஆயிரம் வண்டி திரளும் கட்டுப்பாடு என ஓர் அமைப்பு மிஞ்சியது. 1980-களில் பழகுநர் வரம்பு 125 சி.சி.யாகக் குறைந்ததையும், 1990-களில் வண்டியின் ஆற்றலை 100 குதிரைத்திறனுக்குள் அடக்க ஐரோப்பிய ஆணையம் முனைந்ததையும் எதிர்கொண்டபோது அந்த அமைப்பு கைகொடுத்தது.

அரசின் பார்வை மாறுதல்

1998-இல் துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட் வெளியிட்ட போக்குவரத்து வெள்ளை அறிக்கையை ஒட்டி, மோட்டார்சைக்கிள் குறித்த ஆலோசனைக் குழு அமைந்தது. ஓட்டிகளின் பிரதிநிதிகளும் அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அதன் இறுதி அறிக்கை 2004-இல் வந்தது. 2005 பிப்ரவரியில் அரசு மோட்டார்சைக்கிளுக்கென்று தனிக் கொள்கை ஆவணம் வெளியிட்டது. அதுவரை 'விபத்துப் பிரச்சினை'யாக மட்டும் தெரிந்த வண்டி, நெரிசலைக் குறைக்கக்கூடிய போக்குவரத்து முறையாகக் கோப்பில் ஏறியது அப்போதுதான். தெருவில் திரண்டு முழங்கிய இருபதாண்டில் கிடைக்காதது குழுவறையில் ஆறேழு ஆண்டில் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். தெருவில் திரளும் பலம் இல்லாவிட்டால் குழுவறைக்கு அழைத்திருக்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்துக் குறிக்கவேண்டும்.

பேருந்துத் தடம்

இயக்கத்தின் நெடுநாள் கோரிக்கையும் பெரிய வெற்றியும் இதுவே. பிரிட்டனில் பேருந்துக்கென்று தனித் தடம் 1968 முதல் வந்தது. நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு. தடம் இடது ஓரத்தில், நடைபாதையை ஒட்டிப் போகும். பெரும்பாலான இடங்களில் மிதிவண்டிக்கும் டாக்சிக்கும் அதில் அனுமதி உண்டு. மோட்டார்சைக்கிளுக்கு இல்லை. அரசு வழிகாட்டுதல்களும் நெடுங்காலம் அதற்கு எதிராகவே இருந்தன. கார் வரிசைகளுக்கு நடுவே நுழைந்து போவது சட்டப்படி குற்றமில்லை என்றாலும், கண்ணாடியை உரசிக்கொண்டு போகும் அந்தப் பிழைப்பைவிட ஓரத்தில் காலியாகக் கிடக்கும் தடம் மேலல்லவா என்பது ஓட்டிகளின் கேள்வி.

முதலில் வழிவிட்ட பெருநகரம் பிரிஸ்டல். 1990-களின் நடுவிலேயே அங்கே அனுமதி வந்தது. ரெடிங், ஸ்விண்டன், ஹல், ஷெஃபீல்டு முதலிய ஊர்கள் பின்தொடர்ந்தன. நியூகாசில் தடத்துக்கு 'கார் வராத தடம்' என்றே பெயர் வைத்து, சரக்கு வண்டிக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் சேர்த்துத் திறந்துவிட்டது. நடந்த இடங்களில் குறிப்பிடத்தக்க கேடு எதுவும் தென்படாததால், 2007-இல் போக்குவரத்துத் துறை தன் வழிகாட்டுதலைத் திருத்தியது. 'கூடாது' என்பது போய், உள்ளூர் நிலைமையைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று வந்தது.

லண்டன்தான் கடைசிக் கோட்டை. சில சாலைகளில் மட்டும் சிறு சோதனைகள் நடந்தபின், போரிஸ் ஜான்சன் மேயரானதும், 2009 ஜனவரி 5 முதல் 'ரெட் ரூட்' எனப்படும் முக்கியச் சாலைகளின் பேருந்துத் தடங்கள் 18 மாதச் சோதனையாகத் திறக்கப்பட்டன. ரெட் ரூட் என்பது நகரின் சாலை நீளத்தில் ஐந்து விழுக்காடுதான். போக்குவரத்தில் மூன்றில் ஒரு பங்கை அதுவே சுமக்கிறது.

சோதனை முடிவு ஓட்டிகளுக்கு முழுச் சாதகமாக இல்லை. பயண நேரம் குறைந்தது. ஆனால் தடத்தில் மோட்டார்சைக்கிள் மோதல்கள் கூடியிருந்தன. எப்படி என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். நடுத்தடத்தில் கார்கள் நின்று நின்று நகர்கின்றன. அவற்றில் ஒன்று இடப்பக்கத்துக் குறுக்குத் தெருவில் திரும்ப வேண்டும். கார்க்காரர் பக்கக் கண்ணாடியில் பேருந்து வருகிறதா என்று பார்க்கிறார், இல்லை, ஸ்டியரிங்கை ஒடிக்கிறார். பேருந்துத் தடத்தில் நேராக வரும் மோட்டார்சைக்கிள் அப்போது அவர் கதவுக்கு நேரே இருக்கிறது. வரிசை நகரவில்லையே என்ற எண்ணத்தில் மோட்டார்சைக்கிள் ஓட்டியும் வேகத்தைக் குறைக்காமல் வந்திருப்பார்.

மிதிவண்டி ஓட்டிகளின் அமைப்பான லண்டன் சைக்ளிங் கேம்பெயின் தொடக்கம் முதலே திட்டத்தை எதிர்த்தது. எடை குறைந்த மிதிவண்டியில் போகும் தங்களுக்குப் பக்கத்தில் இருநூறு கிலோ வண்டியை விடுவதா என்பது அவர்கள் கவலை. ஒரே தடத்துக்காக, காருக்கு வெளியே இருக்கும் இரண்டு பலவீனக் கூட்டங்கள் முட்டிக்கொண்டதுதான் இதில் வருத்தமான பகுதி. 2010-இல் தொடங்கிய இரண்டாம் சோதனையில் போலீஸ் கண்காணிப்பையும் வேகக் கட்டுப்பாட்டையும் பாதுகாப்புப் பிரசாரத்தையும் கூட்டினார்கள். இம்முறை மோதல் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. 2012 ஜனவரியில் அனுமதி நிரந்தரமானது.

சுங்கமும் கட்டணமும்

லண்டனில் 2003 பிப்ரவரி 17 அன்று நெரிசல் கட்டணம் நாளொன்றுக்கு 5 பவுண்டாகத் தொடங்கியபோது, இருசக்கர வண்டிகளுக்கு விலக்குக் கிடைத்தது. நெரிசலை உண்டாக்காத வண்டி எதற்கு நெரிசல் கட்டணம் கட்டவேண்டும் என்ற எளிய வாதம் எடுபட்டது. புகைக்கான கட்டணத்தில் அந்த வாதம் செல்லவில்லை: 2019 ஏப்ரலில் வந்த மிகக்குறை உமிழ்வு மண்டலத்தில், யூரோ 3 தரம் எட்டாத பழைய மோட்டார்சைக்கிள்களும் கட்டணம் செலுத்தவேண்டும்.

பாலங்களில் ஹம்பர் பாலத்துக் கதை தனிச் சுவையுடையது. பெரிய சுங்கப் பாலங்களில் மோட்டார்சைக்கிளுக்கும் காசு வாங்கியது அது ஒன்றே, 1.20 பவுண்டு. 2004-இல் ஓட்டிகள் திரளாகக் கிளம்பிப் போனார்கள். சட்டத்தை மீறவில்லை, வழியை மறிக்கவில்லை. சுங்கச்சாவடியில் ஒவ்வொருவராக வண்டியை நிறுத்தி, நிதானமாகக் கையுறையைக் கழற்றி, ஹெல்மெட்டைக் கழற்றி, பணப்பையைத் தேடி, பெரிய நோட்டை நீட்டி, சில்லறைக்குக் காத்திருந்தார்கள். பின்னால் வாகன வரிசை நான்கு மைலுக்கு நீண்டதாகப் போலீஸ் சொன்னது. கட்டணம் கட்டமாட்டேன் என்பதைவிட, கட்டுகிறேன், பொறு என்பது எவ்வளவு பெரிய ஆயுதம் என்று அன்று தெரிந்தது. ஆனாலும் உடனே பலன் இல்லை. 2012 ஏப்ரலில் கார் சுங்கத்தைப் பாதியாகக் குறைத்தபோதுதான் மோட்டார்சைக்கிள் சுங்கமும் நீங்கியது.

நிறுத்துமிடத்தில் தோல்வியே மிச்சம். வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி 2008 ஆகஸ்டில் மோட்டார்சைக்கிள் நிறுத்தக் கட்டணம் கொண்டுவந்தது. ஊர்வலம், முற்றுகை என்று எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள், மேல்முறையீட்டிலும் தோற்றார்கள்.

சாலையின் அமைப்பு

வளைவில் சிந்திக்கிடக்கும் டீசல், மழையில் வழுக்கும் இரும்பு மூடி, விழுந்தவரை வெட்டும் கம்பிவடத் தடுப்பு ஆகியவற்றுக்கு எதிரான முயற்சிகளும் இந்த இயக்கத்தில் அடக்கம். கம்பிவடத் தடுப்புக்கு ஓட்டிகள் வைத்த பெயர் 'பாலாடைக்கட்டி அறுக்கும் கம்பி'. இவ்வகைக் கோரிக்கைகள் ஐரோப்பா முழுமைக்கும் பொது என்பதால், 1998-இல் உருவான ஐரோப்பியக் கூட்டமைப்பு ஃபெமா இவற்றைப் பிரஸ்ஸல்ஸில் எடுத்துச்செல்கிறது.

இன்றைய நிலை

லண்டன் வெற்றி ரெட் ரூட்டுக்கு மட்டுமே பொருந்தும். மற்றச் சாலைகள் அந்தந்த பரோ நகராட்சியின் கையில். ஒன்று அனுமதிக்கும், பக்கத்து நகராட்சி மறுக்கும். நாடு முழுதும் இதே ஒட்டுப்போட்ட நிலைதான். ஓட்டிகளின் அமைப்புகள் நாடு தழுவிய பொது அனுமதியை விடாமல் கேட்டதன் பேரில், 2024 மார்ச்சில் அரசு அதுபற்றிப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. உள்ளூருக்கு விட்டுவிடுவதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரே பயணத்தில் மூன்று விதியைப் படிக்கவைப்பது பாதுகாப்புக்கும் நல்லதல்ல. அந்த வகையில் ஓட்டிகள் கேட்பது சரியே.

லண்டனில் ஸ்கூட்டரில் உணவு விநியோகம் செய்து படிக்கும் தமிழ் மாணவர்கள் கவனிக்கவேண்டியது இது: தடத்தின் நீலப் பலகையில் மோட்டார்சைக்கிள் படம் இருக்கிறதா, எந்த நேரம் குறித்திருக்கிறது என்று பார்த்துவிட்டே நுழையுங்கள். சைடுகார் பூட்டிய வண்டிக்கு அனுமதி இல்லை. ரெட் ரூட்டில் அனுமதியில்லாத தடத்தில் நுழைந்தால் அபராதம் உண்டு, 2022-இல் அது 160 பவுண்டாக உயர்ந்தது; 14 நாளுக்குள் கட்டினால் பாதி.