ஒரு படிகமும் 22 ஆண்டுகளும்

முனைவர் பட்ட ஆய்வு எத்தனை ஆண்டுகளில் முடிய வேண்டும்? மூன்று, மிஞ்சினால் ஐந்து என்பதே பல்கலைக்கழகங்கள் தரும் விடை. ஆனால் ஆய்வு மாணவர் ஒருவர் கையிலெடுத்த வினாவிற்கு விடை கிட்ட 22 ஆண்டுகள் ஆயின. அந்த நெடிய காத்திருப்பின் நிழலில்தான் மூலக்கூறு உயிரியல் தனக்கென ஓர் இல்லம் பெற்றது.

மாக்ஸ் பெருட்ஸ் 1914-இல் வியன்னாவில் பிறந்தவர். யூத மரபில் வந்த அவருடைய குடும்பம் நெசவாலைத் தொழில் நடத்தியது. பிள்ளைக்குக் கத்தோலிக்கத் திருமுழுக்கு அளித்திருந்தது. 1936-இல் அவர் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜே. டி. பெர்னாலிடம் மாணவராகச் சேர்ந்தார். மறு ஆண்டு, குதிரையின் குருதியிலிருந்து பெற்ற ஹீமோகுளோபின் படிகங்கள் அவர் கைக்கு வந்தன. நாம் சுவாசிக்கும் உயிர்வளியை உடலெங்கும் சுமந்து செல்லும் புரதம் அது.

படிகத்தினூடே எக்ஸ் கதிரைச் செலுத்தினால், அது சிதறிப் படச்சுருளில் புள்ளிகளாகப் பதியும். புள்ளிகளின் செறிவை அளந்துவிடலாம். கதிரலைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முந்தியும் பிந்தியும் வந்தன என்பதையோ படம் காட்டாது. அதனை அறியாமல், ஏறத்தாழ 10,000 அணுக்கள் கொண்ட அப்புரதத்தின் வடிவை மீட்க வழியில்லை.

1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவைக் கைப்பற்றினார். பெருட்ஸின் பெற்றோர் உடைமைகளை இழந்து அகதிகளாயினர். திருமுழுக்கு அக்குடும்பத்திற்கு அரணாகவில்லை. குருதியைக் கொண்டே மனிதரைத் தரம் பிரித்த ஆட்சி அது. அந்நாளில்தான் மகன் குருதியின் உள்ளமைப்பைத் தேடிக்கொண்டிருந்தார்! 1940-இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் புகலிடம் தந்த நாடே அவரைப் 'பகை நாட்டவர்' எனச் சிறைவைத்துக் கனடாவுக்கு அனுப்பியது. 1941-இல் விடுதலையாகித் திரும்பியவர், விட்ட இடத்திலிருந்து ஆய்வைத் தொடர்ந்தார்.

1947-இல் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் அவருக்கும் ஜான் கெண்ட்ரூவுக்குமாக ஒரு சிறு பிரிவை அமைத்தது. ஆசிரியராகிய லாரன்ஸ் பிராக் அதற்குத் துணைநின்றார். அங்கு முனைவர் பட்டத்திற்கெனச் சேர்ந்த பிரான்சிஸ் கிரிக், ஜேம்ஸ் வாட்சனோடு இணைந்து, லண்டனில் ரோசலிண்ட் பிராங்க்ளின் கண்ட சான்றுகளின் துணையோடு, 1953-இல் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளை உலகிற்கு அறிவித்தார். பின்னால் வந்தவர் முன்னே சென்றுவிட்டார். பெருட்ஸ் தம் படிகத்தோடு இருந்தார். அதே 1953-இல் அவருக்கும் வழி திறந்தது. புரதத்தில் பாதரச அணுக்களைப் பிணைத்தபோது புள்ளிகளின் செறிவு மாறியது. அம்மாற்றத்தைக் கொண்டு மறைந்திருந்த அலைநிலையைக் கணிக்க முடிந்தது. 1959-இல் ஹீமோகுளோபினின் உருவம் முதன்முதலாகத் தெரிந்தது.

1962-இல் கேம்பிரிட்ஜில் மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் தனிக் கட்டடம் பெற்றது. அதே ஆண்டு பெருட்ஸ், கெண்ட்ரூ, கிரிக், வாட்சன் ஆகிய நால்வரும் நோபல் பரிசு பெற்றோர் வரிசையில் நின்றனர். ஆய்வகத் தலைவரான பெருட்ஸ் அங்கு ஓர் உணவுக்கூடத்தையும் அமைத்தார். அவர் துணைவியார் கிசெலா அதனை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்துவந்தார். பேரறிஞரும் புதிய மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து பேச வேண்டும் என்பதே நோக்கம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1999-இல் சேர்ந்ததும் இந்த ஆய்வகத்தில்தான். ரைபோசோம் ஆய்விற்காக 2009-இல் அவரும் நோபல் பரிசு பெற்றார்.

பெருட்ஸ் பிற்காலத்தில் சமய நம்பிக்கையில் நிலைக்கவில்லை. ஆயினும் பிறர் நம்பிக்கையைப் புண்படுத்துவதை அவர் ஏற்கவில்லை. 2002-இல் மறைந்த அவரை நாம் நினைவுகூர்வது எதற்காக? இன்று நம் ஆய்வு மாணவர்களை, வெளியிட்ட கட்டுரைகளை எண்ணியே மதிப்பிடுகிறோம். அந்த அளவுகோலால் அளந்திருந்தால், 1950-இல் பெருட்ஸ் தோற்றவராகவே தெரிந்திருப்பார். நிலத்தில் விதைத்தவன் உறங்கியெழும் நாள்களிலும், அவன் அறியாமலே விதை முளைத்து வளர்கிறது என்று ஆண்டவர் உவமை சொன்னார். விதையை நாள்தோறும் தோண்டிப் பார்ப்பவனுக்கு விளைச்சல் ஏது?