நூற்று நாற்பத்தேழு குழியில் ஒரு தொலைநோக்கி

காலை நடைக்கு நான் போவது கோட்டைப் பக்கம். கூட வருபவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'வாத்தியார்'தான். போன வாரம் அவரிடம் ஒரு பெயரைச் சொன்னேன்: ஓவர்வெல்மிங்லி லார்ஜ் டெலஸ்கோப். அவர் நின்றுவிட்டார்.

"பேரா சார் அது? எவனோ கிண்டல் பண்ணியிருக்கான்" என்றார்.

கிண்டல்தான். ஆனால் பண்ணியவர்கள் அதைக் கட்ட நினைத்த வானியல்காரர்களே. ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் 8.2 மீட்டர் கண்ணாடியோடு நான்கு தொலைநோக்கிகள் கட்டின. அதற்கு 'வெரி லார்ஜ் டெலஸ்கோப்' என்று பெயர் வைத்தார்கள். அது முடிவதற்குள்ளேயே, 1990களின் கடைசியில், 100 மீட்டர் கண்ணாடிக்குத் திட்டம் போட்டார்கள். 'மிகப் பெரிய' என்ற பெயர் ஏற்கெனவே செலவாகிவிட்டதே, என்ன செய்வது? 'திக்குமுக்காட வைக்கும் பெரிய' என்று வைத்துவிட்டார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆந்தை வரும். ராத்திரியில் கண் தெரிகிற பறவை!

(புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த என் வயதுக்காரர்களுக்கு ஆந்தை என்றால் 'ஈபூ'. பன்மையில் 'எக்ஸ்' போட வேண்டிய ஏழு சொற்களில் ஒன்று. மறந்தால் பிரம்படி. அறுபது வருடம் ஆகியும் மறக்கவில்லை.)

நான் நில அளவைப் பிரிவில் எழுத்தராகக் காலம் தள்ளியவன். 100 மீட்டர் என்றதும் கை தானாகக் கணக்குப் போட்டது. வட்டத்தின் பரப்பு 7,854 சதுர மீட்டர். புதுச்சேரிப் பழைய பதிவேட்டு முறையில் எழுதினால் 78 ஆர் 54 சாந்தியார். நம் ஊர்க் கணக்கில் 147 குழி, அதாவது கிட்டத்தட்ட ஒன்றரைக் காணி. வாத்தியாருக்கு மீட்டரில் சொன்னபோது வராத சிரிப்பு, காணியில் சொன்னதும் வந்தது. "ஒன்றரைக் காணிக்குக் கண்ணாடியா? நெல்லு நட்டா ஒரு குடும்பம் சாப்பிடும் சார்!"

இந்தச் சிரிப்பு பழையது. இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் 40 அடி நீளக் குழாயோடு தொலைநோக்கி கட்டியபோது, கண்ணாடி பொருத்துவதற்கு முன் அந்தக் குழாய்க்குள் நடந்து பார்ப்பது ஒரு வேடிக்கையாகவே இருந்தது. 1787இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் உள்ளே நடந்தார். பின்னால் தடுமாறி வந்த தலைமைப் பேராயருக்குக் கை கொடுத்து, சொர்க்கத்துக்கு நான் வழி காட்டுகிறேன் வாரும் என்றாராம். செலவு மன்னருடையது, அதனால் நகைச்சுவையும் அவருடையது. அந்தப் பெரிய கருவியைத் திருப்புவதே பெரும்பாடு, கண்ணாடியும் மங்கும். ஹெர்ஷல் கடைசிவரை விரும்பிப் பயன்படுத்தியது தன் 20 அடிக் கருவியைத்தான்.

நானும் ஒருமுறை சிரித்திருக்கிறேன், ஆனால் மறுபக்கமாக. 1988 என்று நினைவு. அலுவலக நண்பர்கள் வேன் எடுத்துக்கொண்டு திருவண்ணாமலை, செங்கம் வழியாக ஜவ்வாது மலையில் காவலூருக்குப் போனோம். ஆசியாவிலேயே பெரியது என்று அப்போது பத்திரிகைகளில் வந்த தொலைநோக்கி அங்கே இருந்தது. 1986 ஜனவரி 6ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்தது. கண்ணாடி 2.34 மீட்டர், அதாவது ஏழே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. எங்களில் ஒருவர், "என்னய்யா, ரெட்டைக் கட்டில் சைஸ்தான் இருக்குது" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஒரு குழியில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை.

சுற்றிக் காட்டிய ஊழியர் கோபப்படவில்லை. கண்ணாடி வட்டு ஜெர்மனியிலிருந்து வந்தது, ஆனால் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில், கருவியைத் தாங்கும் இரும்பெல்லாம் இந்தியாவில் செய்தது என்றார். எழுபதுகளில் தொடங்கிய வேலை. அதற்குப் பாடுபட்ட வைணு பாப்பு 1982 ஆகஸ்டில் காலமாகிவிட்டார். கருவி வானத்தைப் பார்த்தது 1985 நவம்பரில். அவர் பெயரை அதற்கு வைத்தார்கள். அதைக் கேட்டபிறகு கட்டில் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அன்றிரவு மேகம் மூடிவிட்டது, ஒரு நட்சத்திரத்தையும் பார்க்காமல் திரும்பினோம்.

ஆந்தை என்ன ஆயிற்று? மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு கண்ணாடிகளை அடுக்கி ஒன்றாக்குவதுதான் யோசனை. செலவு நூறு கோடி யூரோவைத் தாண்டும் என்று மதிப்பிட்டார்கள். 2005இல் வல்லுநர் குழு ஒன்று பரிசீலித்து, துணிச்சல் அதிகம், அளவைக் குறையுங்கள் என்றது. 100 என்பது 42 ஆயிற்று, பிறகு 39. இப்போது சிலியில் 798 துண்டுகளோடு எழுந்துகொண்டிருப்பது அதுதான். பெயர் 'எக்ஸ்ட்ரீம்லி லார்ஜ்'. சுமார் 22 குழி. நம் ஆபீசில் எஸ்டிமேட் போகிற வழிதான் இது. பெரிதாகக் கேள், பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும்.

இந்தியா பங்காளியாக இருப்பது வேறொன்றில்: 30 மீட்டர், 492 துண்டுகள், 13 குழி. துண்டுகளில் ஒரு பகுதியை மெருகேற்ற பெங்களூர் பக்கம் ஹொசக்கோட்டையில் கூடம் அமைத்திருக்கிறார்கள். துண்டுகளின் ஓரம் இம்மியும் விலகாமல் கவனிக்கும் உணர்விகளின் மாதிரிகள் நம் புதுச்சேரியில் செய்யப்பட்டவை. இதைச் சொன்னதும் வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்போ எங்கே கட்டுறாங்க?"

ஹவாய்த் தீவில், மௌனா கியா என்ற மலை உச்சியில் கட்டுவதாகத் திட்டம். கட்டிடத்தோடு சேர்த்துச் சுமார் 5 ஏக்கர். அந்த மலை அங்குள்ள பூர்வகுடி மக்களுக்குப் புனிதமானது. 2015இலும் 2019இலும் பாதையில் உட்கார்ந்து வண்டிகளை மறித்தார்கள். முதியவர்களும் கைதானார்கள். வேலை நின்றுபோனது.

வாத்தியார் சிரிப்பதை நிறுத்திவிட்டார். "அண்ணாமலை உச்சியில அஞ்சு ஏக்கர் கேட்டா நாம வுடுவோமா சார்?" என்றார். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தோம். சக்கரக்குளத்தருகே திரும்பவும் கேட்டார்:

"பட்டா யார் பேர்ல இருக்குது?"

"மாநில அரசு பேர்ல. பல்கலைக்கழகத்துக்கு 1968இலேருந்து 65 வருஷக் குத்தகை."

"அதுக்கு முன்னாடி?"

"அவங்க ராஜாங்கத்துது. 1893இல் ராணியை இறக்கிட்டாங்க."

வாத்தியார் ராஜகிரியை அண்ணாந்து பார்த்தார். மேலே இன்னும் பனி விலகவில்லை. "தேசிங்கு கதைதான்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் திரும்பினார்.