எழுவானும் படுவானும்

கிழக்கிலங்கையின் பாசிக்குடாவில் விடிகாலையில் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் சூரியன் நேர் எதிரே எழும். அங்கிருந்து தெற்கே மட்டக்களப்பு வாவிப் பக்கம் வந்தால், எழுகிற பொழுதும் படுகிற பொழுதும் நிலத்தின் பெயரிலேயே இருக்கின்றன. சுமார் 56 கிலோமீட்டர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கும் வாவிக்கும் கடலுக்கும் நடுவே எழுவான்கரை. வாவிக்கு மேற்கே படுவான்கரை.

மேற்கு என்பதில் மேடும், கிழக்கு என்பதில் பள்ளமும் ஒளிந்திருக்கின்றன. படுவானோ வானத்தைப் பார்த்து வந்த சொல். தொல்காப்பியம் நெய்தலுக்குச் சொன்ன 'எற்பாடு' என்னும் பொழுதிலும் இதே 'படு'தான். மலையாளத்தில் மேற்கு 'படிஞ்ஞாறு'. கன்னடத்திலோ 'படுவண', அச்சு அசல் நம்முடையதுபோல. தாய்வழிக் குடிமுறையையும் கண்ணகி வழிபாட்டையும் காட்டி மட்டக்களப்பைக் கேரளத்தோடு முடிச்சுப் போடுபவர்கள் இதையும் சேர்த்துக்கொள்வார்கள். எனக்கு அந்த அவசரம் இல்லை. பொழுதுபடுவதைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டுமா என்ன?

எழுவான்கரையில் வீடு, படுவான்கரையில் வட்டை (வயல்வெளி) என்று வாழ்ந்த போடியார்கள், அதாவது நிலக்கிழார்கள், பலர். அதனால் திசையைச் சொன்ன சொல் மெல்லத் தொழிலுக்கும் ஆளுக்கும் அடையாகிவிட்டது. படுவான்கரை நெல், படுவான்கரைத் தயிர் என்றால் மரியாதை. அதையே 'படுவான்கரை ஆள்' என்று பட்டணத்தார் சொல்லும்போது குரல் ஒரு படி இறங்கும். அந்த நெல்லைத் தின்றுகொண்டுதான் இந்த இளக்காரம்!

போர்க்காலத்தில் சொல் இன்னும் கனத்தது. 2007 வரை அந்தக் கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. கரை கடந்து வருபவரின் அடையாள அட்டையில் அந்தப் பக்கத்து ஊர்ப்பெயர் இருந்தால் சோதனைச்சாவடியில் கேள்வி நீளும்.

கடப்பதற்கு இருந்தது 'பாதை'. மட்டக்களப்பில் பாதை என்றால் தெரு மட்டுமல்ல. மோட்டார் சைக்கிள், நெல் மூட்டை, பள்ளிப் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையும் பாதைதான். மண்முனைத் துறையில் 2014இல் பாலம் வந்து பாதைக்கு ஓய்வு கொடுத்தது.

அரச ஏடுகளில் வவுணதீவு மண்முனை மேற்கு, கொக்கட்டிச்சோலை மண்முனை தென்மேற்கு, வெல்லாவெளி போரதீவுப்பற்று. ஆனால் இடமாற்றக் கடிதத்தோடு ஒரு ஆசிரியர் வீட்டுக்கு வந்தால், எந்தப் பிரிவு என்று யாரும் கேட்பதில்லை. "படுவான்கரைக்கா போட்டிருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள், பாலம் வந்த பிறகும்.