50 சிசி: சட்டத்தில் மட்டும் ஓடும் வண்டி

இந்த எபிசோட் ஒரு வாட்ஸ்அப் மெசேஜில் ஆரம்பிக்குது. அனுப்பியது என் அக்கா பையன், வயசு 14. ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் படம், கீழே ஒரு வரி: "மாமா, இதுக்கு லைசென்ஸே வேணாமாம். அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க."

தேடிப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பையனுக்கு ஒரு வண்டி இப்படித் திறந்து கிடப்பது எப்படி என்று பார்க்கப் போனால், கதை 1980க்குப் போகிறது. நடுவில் என் கதையும் கொஞ்சம் வருது. பெருமையான கதை இல்லை.

முதலில் மொபெட். மோட்டார், பெடல் இரண்டையும் ஒட்டி 1952இல் ஸ்வீடனில் ஒரு பத்திரிகையாளர் உருவாக்கிய சொல் அது. அந்தப் பெடலை லேசாக நினைக்காதீங்க. பெடல் இருந்ததால்தான் அதை எல்லோரும் கொஞ்சம் வேகமான சைக்கிளாகப் பார்த்தார்கள். இந்தியாவில் 1972இல் கைனெடிக் கம்பெனியின் லூனா வந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50. சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் மொபெட் பிரிவு செய்த வண்டி. இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட் அதுதான். ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு சாதாரண சம்பளக்காரர் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போக முடிந்தது என்றால், அது சின்ன விஷயமா?

சென்னையின் புறநகர் வளர்ந்ததில் இந்த வண்டிக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். மடிப்பாக்கம் மாதிரி இடங்களில் மனை வாங்கி வீடு கட்டியவர்களுக்கு பஸ் ஸ்டாப் தூரம், கடை தூரம், மாவு மில் தூரம். எங்கள் அப்பாவும் அப்படி வந்தவர்தான். வீட்டுக்கு ஒரு டிவிஎஸ் 50. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றணும், பெடலை மிதித்து ஸ்டார்ட் பண்ணணும், நீலப் புகை வரும். கியர் கிடையாது. கையால் பிடிக்கிற கிளட்ச் கிடையாது. சைக்கிள் பேலன்ஸ் தெரிந்த எந்தப் பிள்ளையும் ஓட்டிவிடலாம். ஓட்டினோம். "50 சிசிக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்று எங்கள் தெருவில் பெரியவர்களே நம்பினார்கள்.

1998. எனக்கு 13 வயசு. ஞாயிற்றுக்கிழமை காலை, கோதுமை அரைக்க மில்லுக்குப் போகணும். அப்பா சாவியை என்னிடம் கொடுத்தார். அக்கா பின்னால் உட்கார்ந்து டின்னைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையார் கோயில் திருப்பத்தில் பூ விற்கும் பாட்டி கூடையோடு குறுக்கே வந்தார். இவ்வளவு வருஷமாக நான் இப்படித்தான் சொல்லிட்டு வந்தேன். உண்மை என்னவென்றால், பாட்டி தினமும் உட்காரும் இடத்தில்தான் இருந்தார். நான்தான் வேகமாகத் திரும்பினேன். கோதுமையும் மல்லியும் ரோட்டில் ஒன்றாகக் கிடந்தது. பாட்டிக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

யாரும் போலீஸுக்குப் போகவில்லை. அப்பா ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார், மேலே கொஞ்சம் பணமும் கொடுத்தார். "சின்னப் பையன்தானே" என்று தெருவே சொன்னது. பாட்டியும் அதையே சொன்னார். ரெண்டு மாசம் அவரால் பூ கட்ட முடியவில்லை. அவர் மகள் கட்டிக் கொடுக்க, இவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். நான் ஸ்கூலுக்கு வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தேன். ஒரு மாசத்தில் சாவி திரும்ப என் கைக்கு வந்துவிட்டது. அதுவும் நடந்தது.

இப்போ சட்டத்துக்கு வருவோம். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 4ஆவது பிரிவு 18 வயசுக்குக் கீழே யாரும் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது என்கிறது. கூடவே ஒரு விலக்கு: 16 வயது நிரம்பியவர் 50 சிசிக்கு மேற்படாத வண்டியை ஓட்டலாம். லைசென்ஸ் கட்டாயம், பெற்றோர் எழுத்தில் சம்மதம் தரணும். மோசமான யோசனை இல்லை. சின்ன வண்டியில் இரண்டு வருஷம் பழகிவிட்டு 18இல் பெரிய வண்டிக்குப் போ, நடுவில் ஒரு படிக்கட்டு.

அந்தப் படிக்கட்டு என்ன ஆனது? வண்டி கம்பெனிகள் மேலே போய்விட்டன. 90களின் நடுவில் வந்த ஸ்கூட்டி 60 சிசி, ஆரம்பத்திலேயே வரம்புக்கு 10 அதிகம். 2001இல் ஆக்டிவா வந்தது, 100 சிசிக்கு மேல். புகை விதிகள் இறுக இறுக டூ ஸ்ட்ரோக் இன்ஜின்கள் மறைந்தன. டிவிஎஸ் 50இன் வாரிசுகள் கூட முதலில் 70 சிசி, 2015இல் எக்ஸ்எல் 100 என்று வளர்ந்தன. இன்னைக்கு ஷோரூமில் போய் புது 50 சிசி பெட்ரோல் வண்டி கேட்டுப் பாருங்க. சட்டத்தில் விலக்கு அப்படியே இருக்கு, அதற்கான வண்டிதான் இல்லை. ஆனால் பிள்ளைகள் காத்திருக்கவில்லை. வீட்டில் எந்த வண்டி நின்றதோ அதை எடுத்தார்கள். அப்பா ஓட்டிய 50 சிசி போய், அம்மா ஓட்டும் 110 சிசி வந்தது.

2019இல் அரசு பெற்றோர் பக்கம் திரும்பியது. புதிதாகச் சேர்ந்த 199ஏ பிரிவின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பாதுகாவலரும் வண்டி உரிமையாளரும் குற்றவாளிகள். 3 வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாசத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடையாது. 1998இல் இது இருந்திருந்தால் எங்கள் அப்பா உள்ளே போயிருக்கலாம்.

இவ்வளவு கடுமையான சட்டத்தின் பக்கத்திலேயே ஒரு திறந்த கதவு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருக்கும் மின்சார இருசக்கர வண்டி 'மோட்டார் வாகனமே' கிடையாது. அதனால் லைசென்ஸ் இல்லை, நம்பர் பிளேட் இல்லை, வயசு வரம்பும் இல்லை. மறுபடி அதே பெடல் கதை, இது சைக்கிள் மாதிரிதானே என்கிற எண்ணம். 25 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 7 மீட்டர். எங்கள் தெருவில் ஒரு கேட்டிலிருந்து அடுத்த கேட்.

இதே வகை வண்டி நெதர்லாந்திலும் உண்டு. 25 கிலோமீட்டர் மொபெட் என்று தனி வகையே வைத்திருக்கிறார்கள். அங்கே 16 வயசு ஆகணும், லைசென்ஸும் வேணும். அவர்கள் ஒன்றும் பிறவியிலேயே கட்டுப்பாடானவர்கள் இல்லை. 1971இல் மட்டும் அந்தச் சின்ன நாட்டில் சாலையில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் 400க்கும் மேல் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரில் பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். 1976இல் குடியிருப்புத் தெருக்களுக்கு ஒரு தனிச் சட்ட வகை வந்தது, பெயர் 'வூன்எர்ஃப்'. அந்தத் தெருவில் பிள்ளைகள் நடுரோட்டில் விளையாடலாம், கார் ஆனாலும் மொபெட் ஆனாலும் நடக்கிற வேகத்தில்தான் போகணும். நம்ம சட்டம் வண்டிக்கு எத்தனை சிசி, ஓட்டுபவருக்கு எத்தனை வயசு என்பதோடு நின்றுவிட்டது. அந்தத் தெருவில் யார் உட்கார்ந்து பூ கட்டுகிறார்கள் என்று அது கேட்டதே இல்லை.

அக்காவுக்கு போன் பண்ணினேன். வாங்கித் தராதே என்று சொல்லத்தான். அவளுக்கும் காரணம் இருக்கு. ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, டியூஷன் 3 கிலோமீட்டர் தள்ளி, தினமும் ஆட்டோ கட்டுப்படியாகாது. நான் பாட்டி கதையை எடுத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"டேய், அன்னைக்கு எனக்கு 16 வயசு. உனக்கு 13. அப்பா சாவியை யார்கிட்ட கொடுத்தார்?"

27 வருஷமாக எனக்கு இது தோன்றவே இல்லை. அந்த வீட்டில் சட்டப்படி லைசென்ஸ் எடுத்து அந்த 50 சிசியை ஓட்டத் தகுதியான ஒரே பிள்ளை, பின்னால் டின்னைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையெழுத்து போட்டிருந்தால் போதும். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு வண்டி என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதாகக்கூட ஞாபகம் இல்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அவள் 24 வயசில், சொந்தச் சம்பளத்தில், ஸ்கூட்டி வாங்கித்தான் கற்றுக்கொண்டாள்.

"வாங்கித் தரல. ஆனா வேற வழி நீ சொல்லு" என்றாள்.

இப்போ செவ்வாய், வியாழன் டியூஷனுக்கு நான் கொண்டுபோய் விடுறேன். மத்த நாள் பக்கத்து ஃப்ளாட் பையனோடு ஷேர் ஆட்டோ. மாப்பிள்ளை என்கிட்ட சரியா பேசுறதில்லை. பின்னால உட்கார்ந்து என் தோள் வழியா ஸ்பீடாமீட்டரை எட்டிப் பார்க்கிறான். போன வாரம் நம்ம தெருவிலேயே சொன்னான்: "மாமா, 32ல போறீங்க."